லைசென்ஸ் என் பேரில், அடுப்பு அவர்கள் கையில்

1

ஜூலை முதல் வாரம் வந்தால் எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். இந்த நாடு தன் பிறந்தநாளை வெடி வெடித்துக் கொண்டாடுகிற வாரம் அது. டெக்சாஸில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் எல்லைப் பலகையைத் தாண்டியதும், நெடுஞ்சாலை ஓரங்களில் தகரக் கொட்டகைகள் கதவைத் திறந்துகொள்ளும். மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் வெடிக் கடைகள். உள்ளே கூரை வரைக்கும் சீனப் பெட்டிகள். டிராகன் படம், கழுகுப் படம், பல்லைக் காட்டும் குரங்குப் படம். பிரிக்காத வெடிப் பெட்டிக்கு ஒரு வாசனை உண்டு: புது அட்டை, காய்ந்த பசை, அதற்கும் அடியில் இருந்தும் இல்லாததுமாய் வெடிமருந்து. பட்டாசு ஊரான திருத்தங்கல்லில் பிறந்த மூக்குக்கு அது தப்பாது. காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் அந்தச் சாலையைக் கடப்பேன். பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

இந்த வருடம் அது ஏற்றிய கண்ணாடிக்கு உள்ளேயே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை முற்பகல். என் வண்டியில் மாவு பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தீயணைப்புத் துறையின் பரிசோதகர். வருடா வருடம் என் வண்டியைச் சோதிக்க வருகிறவர், நல்ல மனிதர், அதிராமல் பேசுவார்.

"மேடம், உங்களுடைய இரண்டாவது டிரெய்லர் இப்போது எங்கே நிற்கிறது, தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

பொய் இல்லை. உண்மையிலேயே தெரியாது. ஆனால் அந்தச் சொல் என் வாயிலிருந்து எவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது! எண்ணெய் தடவித் தயாராய் வைத்திருந்த சொல் மாதிரி. அதை நான் யாரிடம் கற்றேன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். நானும் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

2

முதலில் காகிதக் கதை. அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலை. வண்டி என்னுடையது. ஐந்து வருடத்துக்கு முன்னால், பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, விருதுநகர் எண்ணெய் புரோட்டா போட ஆரம்பித்தேன். டிரெய்லர் என்றால் எஞ்சின் இல்லாத பெரிய தகரப் பெட்டி. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போக வேண்டும். இந்த ஊர்ச் சட்டத்துக்கு அது வண்டியும்தான், கடையும்தான். ஆகவே காகிதமும் இரட்டிப்பு.

வண்டி என்பதற்காக: நம்பர் பிளேட், பதிவு, எடை போட்ட சான்று, இன்சூரன்ஸ், பின்விளக்கு எரிகிறதா என்ற சோதனை. கடை என்பதற்காக: சுகாதார அனுமதி, சமைப்பவர் பரீட்சை எழுதிப் பாஸ் செய்த அட்டை, தினமும் திரும்பிப் போய்த் தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் ஒரு லைசென்ஸ் பெற்ற சமையற்கூடம் இருக்கிறது என்று அந்தச் சமையற்கூடத்துக்காரர் தரும் கடிதம். நெருப்பு என்பதற்காக: கேஸ் குழாய்ச் சோதனை, அடுப்புக்கு மேல் தானாகத் தீயணைக்கும் அமைப்பு, எண்ணெய்த் தீக்கென்றே தனியாக ஒரு அணைப்பான். இதெல்லாம் போக, ஒரு கழிப்பறைக் கடிதம். பக்கத்துக் கட்டிடத்துக்காரர், "இந்த அம்மாள் எங்கள் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், முன்பின் தெரியாத டயர்க் கடைக்காரனிடம் போய் நின்று இதைக் கேட்டு வாங்கியதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. என் ஆங்கிலத்தில் அதை எப்படி மரியாதையாகக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. "சார், பெர்மிஷன் சார், பாத்ரூம் சார்" என்றேன். அவன் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டான். சிரித்திருந்தால் தேவலாம்.

கேஸ் குழாயைச் சோதிக்கப் பரிசோதகர் சோப்புத் தண்ணீரோடு வருவார். ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். குமிழி வந்தால் கசிவு. அவ்வளவு பெரிய உடம்பை மடக்கி, என் அடுப்புக்குக் கீழே மண்டியிட்டு, ஒரு குமிழிக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார். முதல் வருடம் அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது எரிச்சல் மட்டும்தான். ஒரு புரோட்டாவுக்கு இம்புட்டு நாடகமா?

எல்லாம் முடிந்ததும் ஒரு ஸ்டிக்கர் தருவார்கள். அதில் என் பெயர், டிரெய்லர் எண். ஜன்னல் பக்கம் ஒட்ட வேண்டும். ஆயுத பூஜை அன்று அதற்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். அடுப்புக்கு வைக்கவில்லை, கரண்டிக்கு வைக்கவில்லை, லைசென்ஸுக்கு வைத்தேன். எங்கள் வீட்டு வழக்கம் அது. விருதுநகர் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் நாக்பூர் லைசென்ஸ், பட்டாசுத் தொழிற்சாலை நடத்த மத்திய அரசு கொடுத்தது, கண்ணாடிச் சட்டத்துக்குள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். பூஜை நாளில் முருகனுக்கு ஒரு பொட்டு, லைசென்ஸுக்கு ஒரு பொட்டு. தொழிற்சாலைக்குள் நான் கால் வைத்ததே இல்லை. அந்தக் காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பரீட்சைக்குப் போவேன்.

3

போன வருடம், ஊரை விட்டுப் போன ஒரு மெக்ஸிகோக்காரரிடமிருந்து இரண்டாவது டிரெய்லரை வாங்கினேன். பேராசைதான். இரண்டுக்கும் அனுமதி என் பேரில், இரண்டு ஸ்டிக்கருக்கும் பொட்டு வைத்தாயிற்று. ஆனால் கை இரண்டுதானே?

அப்போதுதான் மாரியும் அவள் புருஷன் கணேசனும் வந்தார்கள். விருதுநகர் பக்கத்து ஆமத்தூர்க்காரர்கள். கணேசன் இங்கே ஓர் இந்திய ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர். பொங்கல் விழாவில் என் புரோட்டாவைத் தின்றுவிட்டு, "அக்கா, வீச்சு பத்தாது" என்று நேருக்கு நேர் சொன்னவன். எனக்குப் பிடித்துப்போயிற்று. சொந்தமாக ஒரு வண்டி போட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. ஆனால் நிரந்தரமாகத் தங்குவதற்கான அவர்களுடைய விண்ணப்பம் பாதி வழியில் நிற்கிறது. அது முடியாமல் வண்டி, அனுமதி எதையும் தங்கள் பேரில் வாங்க அவர்களுக்குத் தைரியம் இல்லை.

"உங்க வண்டி சும்மாத்தான கெடக்கு, நாங்க ஓட்டிக்கிறோமே" என்றாள் மாரி. "மாசா மாசம் குத்தகை குடுத்திருதோம். ஊர்ல நடக்காததாக்கா?"

ஊரில் நடக்காததா! அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே அவருக்குக் காலைக் காப்பி நேரம்.

"லைசென்ஸ் உம் பேர்லதான இருக்கு?" என்று கேட்டார்.

"ஆமப்பா."

"வண்டி?"

"அதுவும் எம் பேர்லதான்."

"பின்ன என்ன தாயி யோசன? அடுப்பப் பத்த வைக்கிறவுக பத்த வைக்கட்டும். நீ பாட்டுக்கு இரு. நான் எத்தன வருசம் அப்படி நடத்துனேன்! லைசென்ஸ்காரன் வேலத்தலத்துக்குப் போவக் கூடாது. போனா எல்லாம் நம்ம தலையில விடியும்."

நான் சிரித்தேன். அப்பாவின் சாமர்த்தியம் என்று நினைத்துச் சிரித்தேன்.

என் மகள் நிலாவுக்குப் பதினேழு வயது. எங்கள் விண்ணப்பங்களை நிரப்புவது அவள்தான். அனுமதித் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "அம்மா, இத யாருக்கும் மாத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"நான் மாத்தல. ஓட்டத்தான குடுக்கிறேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன டிஃபரன்ஸ்?"

"உனக்குப் புரியாது. நம்ம ஊர் வழக்கம்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். எனக்கும் அவளுக்கும் இடையே வருடக்கணக்காக விரிந்துகொண்டே போகிற அந்த இடைவெளியை, "நம்ம ஊர்" என்ற இரண்டு சொல்லால்தான் நான் எப்போதும் அடைப்பேன். அது அடைபட்டதே இல்லை. அடைபட்ட மாதிரி நான் நடந்துகொள்வேன், அவ்வளவுதான்.

சாவியைக் கொடுத்த அன்று டிரெய்லரைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

4

பரிசோதகர் சொன்ன இடத்துக்கு நிலாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது நடு மத்தியானம். விருதுநகர் வெயிலைக் கொண்டுவந்து கொட்டியது மாதிரி வெயில். ஊர் எல்லைக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், மஞ்சள் வண்ணம் அடித்த ஒரு வெடிக் கடை. அதை ஒட்டி, பத்து எட்டு வைக்கும் தூரத்தில், என் டிரெய்லர். ஜன்னல் பக்கம் என் பெயர் போட்ட ஸ்டிக்கர். அதன் மேல் காய்ந்து கறுத்த குங்குமம்.

தப்பு எது என்று காட்டப் பரிசோதகர் விரலை நீட்டினார்.

டிரெய்லரின் முன்பக்கத்தில், இரும்புப் பிடிக்குள் இருக்க வேண்டிய கேஸ் சிலிண்டர் அங்கே இல்லை. அதைக் கழற்றி, கடையில் வாங்கிய நீளமான ரப்பர்க் குழாயைப் பூட்டி, இழுத்துக்கொண்டு போய், வெடிக் கடையின் தகரச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் மேல் ஓர் ஈரச் சாக்கு. தகரத்துக்கு அந்தப் பக்கம் கூரை வரைக்கும் பெட்டிகள். குழாயின் இந்த முனையில் கொதிக்கிற எண்ணெய்.

மாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"வாங்கக்கா, நீங்களே சொல்லுங்க இந்த ஆளுகிட்ட. வெயில்ல கெடந்தா சிலிண்டர் சூடாயிரும்னுதான இங்கன நெழல்ல வச்சோம். ஈரச் சாக்கு வேற போட்டிருக்கேன். எங்கம்மா மருந்து ரூம்புல முப்பது வருசம் கெடந்தவ. எங்களுக்குத் தெரியாதா நெருப்பப் பத்தி?"

"நெழலு எதோட நெழலு மாரி?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, தோற்றுப்போகிறவர்களுக்கு வரும் வேகத்தோடு, "ஊர்ல நம்ம படுத்து எந்திரிக்கிறதே பெட்டி மேலதானக்கா" என்றாள்.

அந்தச் சொல் எனக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை. அந்தச் சாக்கை நனைத்தது அலட்சியம் இல்லை, அக்கறை. மருந்தைச் சூடாக்கக் கூடாது, நிழலில் வை, ஈரத்தால் மூடு: அம்மா சொல்லிக் கொடுத்த அத்தனை ஜாக்கிரதையையும் செய்திருக்கிறாள். வேறு எந்த ஊர்க்காரனாவது வெடிக் கடையைப் பார்த்தால் தள்ளி நிறுத்தியிருப்பான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது சொந்த வீட்டுச் சுவர்.

"இங்க வந்து நிக்கச் சொன்னது யாரு?" என்று கணேசனைப் பார்த்துக் கத்தினேன். அவன் டிரெய்லரின் படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெடி வாங்க கூட்டம் வருதுல்லக்கா. சீசன்."

"ஒரு வார்த்த என்கிட்ட கேக்க வேணாமாலே?"

மாரி சீறினாள். "அவர ஏன் பேசுறீக? கேக்குறதுக்கு நீங்க எங்க இருந்தீக? சாவியக் குடுத்த அன்னைக்கு வந்தது. கேஸ் குழாய் பூட்டுற மூடி லூசா இருக்குன்னு நாலு மாசமா மெசேஜ் போடுதேன். கட்டவிரலத் தூக்கி ஒரு பொம்ம அனுப்புனீக. உங்க பேருதான் ஒட்டியிருக்கு, ஆளத்தான் காணோம்."

நிலா என்னைப் பார்த்தாள். போனை எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. அந்தப் பொம்மையை அனுப்பிய விரல் என்னிடம்தான் இருக்கிறது.

பரிசோதகர் அடுப்பை அணைக்கச் செய்தார். சிலிண்டரைத் தானே தூக்கிக்கொண்டு போய், மரமும் சுவரும் இல்லாத திறந்தவெளியில் வைத்தார். வெயிலில். பிறகு என்னைத் தனியே அழைத்து, ஒரு தாளை நீட்டினார்.

"இதில் ஒரு கட்டம் இருக்கிறது. 'உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வாகனம் பயன்படுத்தப்பட்டது.' அது உண்மையானால் அதில் டிக் செய்யுங்கள். உங்கள் அனுமதிக்கு எந்தப் பாதிப்பும் வராது. அவர்கள் விஷயம் போலீஸுக்குப் போகும். உண்மை இல்லையானால் அடுத்த கட்டம்: 'சம்மதத்தோடு.' அப்போது உங்கள் பேரில் இருக்கும் இரண்டு அனுமதிகளும் நிறுத்தி வைக்கப்படும். நாளை மத்தியானம் அலுவலகத்தில் கொடுங்கள்."

அவர் இதைச் சொன்ன விதத்தில் கருணை இருந்தது. முதல் கட்டத்தின் மேல் அவர் விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

போலீஸ் என்றால் என்ன என்று கணேசனுக்கு ஆங்கிலம் இல்லாமலே புரிந்திருந்தது. ஒரு கேஸ் விழுந்தால் போதும், பாதி வழியில் நிற்கும் விண்ணப்பம் அங்கேயே செத்துவிடும். அவன் எழுந்து நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் திட்டியிருப்பேன்.

5

திரும்பும் வழியில் நிலா கேட்டாள்: "நம்ம ஊர் வழக்கம்னியே, அது என்னம்மா?"

பதினேழு வருடமாகச் சொல்லாததைக் காரில் சொன்னேன். கண்ணாடி ஏற்றியே இருந்தது.

சாத்தூர் போகிற வழியில் அப்பாவின் தொழிற்சாலை. ஊர் பேர் வேண்டாம். லைசென்ஸ் அப்பா பேரில். நடத்தியது வேறு ஒருவர், குத்தகைக்கு. நாலு பக்கமும் கதவு வைத்த சின்னச் சின்ன அறைகள். அதைத்தான் ரூம்பு என்பார்கள். ஒரு ரூம்பில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். தீபாவளி சீசன், ஆர்டர் தலைக்கு மேல். குத்தகைக்காரர் ஆளைக் கூட்டிக்கொண்டே போனார். ரூம்பில் இடம் இல்லாதவர்கள் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்தினார்கள். வெயில் அப்படி. நிழலைத் தேடித்தான் உட்கார்ந்தார்கள்.

நான் மதுரையில் கல்லூரி இரண்டாம் வருடம். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. எடுத்துக் கேட்டார். மறுமுனையில் யாரோ அழுதுகொண்டே, மரத்தடியில் மருந்து வெடித்துவிட்டது என்று சொல்வது எனக்கே கேட்டது. அப்பா சொன்ன முதல் சொல்: "எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு அவர் வேறு எதுவுமே சொல்லவில்லை. போலீஸிடம் சொன்னார், அதிகாரிகளிடம் சொன்னார், வாசலில் வந்து தலையில் அடித்துக்கொண்ட பெண்களிடம் சொன்னார். "எனக்குத் தெரியாது. நான் அங்க இல்லவே இல்ல." குத்தகை எழுதிய தாள் என்று ஒன்று இருந்ததே இல்லை என்று ஆயிற்று. குத்தகைக்காரர் கேரளாப் பக்கம் போய்விட்டார். கடைசியில் அன்றன்றைய வேலைக்குப் பொறுப்பு என்று போர்மேனைப் பிடித்தார்கள். தொழிலாளியோடு தொழிலாளியாய் நின்று மருந்து அளந்து கொடுக்கிறவர். முழங்கை வரைக்கும் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தவரை அங்கிருந்தே ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். மரத்தடியில் இருந்தவர்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

சில மாதம் கழித்து லைசென்ஸ் திரும்பி வந்தது. சட்டத்தின் கண்ணாடியை அப்பா ஈரத் துணியால் துடைத்தார். அடுத்து வந்த ஆயுத பூஜைக்கும் சந்தனம் வைத்தோம். நான்தான் வைத்தேன். என் கல்லூரி அந்தக் காகிதத்தில் நடந்தது. என் கல்யாணம் நடந்தது. இந்த நாட்டுக்கு வந்த விமான டிக்கெட்டும் அந்த மரத்தடியில் விளைந்ததுதான். இங்கே வந்து, பனி விழாத ஊராய்ப் பார்த்துக் குடியேறி, மல்லிகைச் செடி வைத்து, தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பி, ஊரை நினைத்து உருகி எத்தனை கவிதை எழுதியிருப்பேன்! ஒரு வரியிலும் அந்த வேப்ப மரம் வரவில்லை. அழகாக எழுதத் தெரிந்தவர்களைப் போலப் பொய்யர்கள் கிடையாது.

நிலா கேட்டாள்: "அப்ப தாத்தா ஜெயிலுக்குப் போகல?"

"இல்ல."

"போனவர் பேர் என்ன?"

காரை ஓட்டிக்கொண்டே யோசித்தேன். இரண்டு சிக்னல் தாண்டியது. தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் பெட்டி கொண்டுவந்து இறக்குவார். எனக்கென்று தனியாக மத்தாப்பு எடுத்து வைத்துக் கொடுப்பார். கழுத்தில் எப்போதும் கட்டம் போட்ட துண்டு. முகம் தெரிகிறது, துண்டு தெரிகிறது.

"போர்மேன்னுதான் கூப்பிடுவோம்" என்றேன்.

நிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் இந்த நாட்டுக்காரியாகிக்கொண்டிருக்கிறாள், என்னை விட்டு விலகுகிறாள் என்று எத்தனை சிநேகிதிகளிடம் புலம்பியிருக்கிறேன்! அன்று அவள் விலகிய இடம் சரியான இடம்தான்.

6

சாயங்காலம் அப்பாவுக்குப் போன். எல்லாவற்றையும் கேட்டார். எண்பது வயதிலும் காகித விஷயம் என்றால் அவருக்குக் காது கூர்மையாகிவிடும்.

"மொதக் கட்டத்துல டிக் அடிச்சிரு தாயி. இதுக்கா அழுவ?"

"கணேசன் மேல போலீஸ் கேஸ் ஆயிரும்பா. அவுக ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிருவாங்க."

"ஊருக்குத்தான அனுப்புவாங்க? தூக்குலயா போடப்போறாங்க? ஊர்ல என்ன, மனுசன் பொழைக்கலயா?"

"நான்தானப்பா சாவி குடுத்தேன்."

"குடுத்ததுக்கு எழுத்து இருக்கா?"

"இல்ல."

"பின்ன?" என்றார் அப்பா. எவ்வளவு நிம்மதியான "பின்ன" அது! மகளைக் காப்பாற்றிவிட்ட தகப்பனின் குரல். அன்பாகத்தான் சொன்னார். என்னை வளர்த்ததும் காப்பாற்றியதும் இந்தக் குரல்தான். போனைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும் போல இருந்தது.

என் வீட்டுக்காரர், "உன் வண்டி, உன் முடிவு" என்றார். அதுவும் ஒரு வகையில் "நான் அங்க இல்ல"தான். அதற்கும் சேர்த்தே எரிந்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் வரிசை. நம்பர் எழுதிய சீட்டு. பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே சுவரில், புன்னகைக்கும் குடும்பம் ஒன்று தீயணைப்பானைக் கையில் பிடித்திருக்கும் படம். நிலா கூட வந்திருந்தாள், வரச் சொல்லவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. முதல் கட்டத்தைப் பார்த்தேன். ஒரு சின்னக் கோடு போதும். ஐந்து வருட வண்டி பிழைக்கும். டயர்க் கடைக்காரனிடம் பாத்ரூமுக்கு மீண்டும் கையேந்த வேண்டாம். உண்மையிலேயே எனக்குத் தெரியாதுதானே? அவர்கள் அங்கே போய் நிறுத்தியது எனக்குத் தெரியாது. பொய்யே இல்லாமல் ஒரு மனிதனை அழிக்கலாம். அப்பா அதைத்தான் செய்தார். ஒரு பொய்யும் சொல்லவில்லை அவர். அங்கே இருக்கவே இல்லை.

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது கட்டத்தில் டிக் செய்தேன். கீழே விளக்கம் எழுத இரண்டு வரி விட்டிருந்தது. என் ஆங்கிலத்தில் எழுதினேன்: சாவியைக் கொடுத்தது நான். அதற்குப் பிறகு ஒரு நாளும் வந்து பார்க்காததும் நான். கேஸ் மூடி பற்றி எனக்குச் செய்தி வந்தது. நிலா குனிந்து படித்தாள். இலக்கணத் தப்பு இருந்தால் எப்போதும் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குவாள். அன்று பிடுங்கவில்லை.

பரிசோதகர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நிச்சயமாகவா?"

"நிச்சயமாக, சார்" என்றேன்.

7

இரண்டு டிரெய்லரும் இப்போது எங்கள் வாடகை வீட்டு முற்றத்தில், அடுத்தடுத்து நிற்கின்றன. ஸ்டிக்கர்களை நானே சுரண்டி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். புரோட்டாக் கல்லைச் சுரண்டும் தகட்டால் சுரண்டினேன். குங்குமம் பசையோடு ஒட்டி, தகரத்தில் ஒரு கறையாக நின்றுவிட்டது. போகவில்லை. போகட்டும் என்று தேய்க்கவும் இல்லை. திரும்ப அனுமதி கிடைக்குமா, எப்போது, தெரியாது. இந்தத் "தெரியாது" மட்டும் சுத்தமானது.

மாரி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"கணேசன் எப்படி இருக்கான்?"

"பழைய ஹோட்டலுக்கே போயிட்டாரு. மொதலாளி, 'என்னப்பா, வண்டி முட்டிக்கிச்சா'ன்னு சிரிச்சாராம். சீசன் போச்சு, சீட்டுப் போட்டு வாங்குன பெரிய எண்ணெச் சட்டி போச்சு." படியில் இறங்கித் திரும்பினாள். "நீங்க எங்கள மாட்டி விடலன்னு சொன்னாரு. சரி. ஆனா அந்த மூடிய மட்டும் மாத்திக் குடுத்திருந்தீகன்னா இம்புட்டும் வேண்டாமேக்கா. மூடி லூசுன்னுதான அவரு மொதல்ல சிலிண்டரத் தனியா எடுத்தாரு, அப்புறந்தான நெழலு தேடுனோம்."

போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்வாள் என்று என் மனத்தின் ஏதோ மூலையில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன் என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது. அது லைசென்ஸ்காரரின் நாற்காலி.

அன்று சாயங்காலம் அப்பா தானே கூப்பிட்டார்.

"என்ன தாயி, டிக் அடிச்சியா?"

"அடிச்சேன்பா. ரெண்டாவதுல."

அங்கே காப்பி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு? நீ அங்க இல்லவே இல்லயேம்மா!"

"எம் பேரு இருந்துச்சுலப்பா."

அவருக்குப் பின்னால் தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. யாரோ பால் வண்டிக்காரரைக் கூப்பிட்டார்கள். இவ்வளவு வருடத்தில் கேட்காததைக் கேட்டேன். அவருக்கு மறந்திருக்கும் என்ற தைரியத்தில்தான் கேட்டேன். எனக்கே மறந்துவிட்டதே! அவருக்கும் மறந்திருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து மறந்த ஒரு பாவமாக அதை எங்காவது மூட்டை கட்டி வைத்திருக்கலாம்.

"அந்த போர்மேன் பேரு என்னப்பா?"

"சங்கரலிங்கம்" என்றார் அப்பா.

யோசிக்கவே இல்லை. மூச்சுகூட எடுக்கவில்லை. கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது. பிறகு, நான் கேட்காமலே, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார்: அவர் ஊர், தெரு, சம்சாரத்தின் பேர், இரண்டு பெண் பிள்ளைகளின் பேர், சின்னவளுக்குக் கல்யாணம் ஆன ஊர். பிறகு மரத்தடியில் இருந்தவர்கள். ஒரு பேரிலும் தடுமாறவில்லை.

தெரிந்திருக்கிறது. இவ்வளவு வருடமும், ஒவ்வொரு பேரும், அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.